சகாராவில் ஒரு பின்வேலி

1

போன கிழமை என் மகள் ஆபிரிக்காவை மேசையில் விரித்துவைத்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த வீட்டுவேலை. ஒரு நாட்டுக்கு ஒரு நிறம், பக்கத்து நாட்டுக்கு வேறு நிறம். நான் தொழிற்சாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, இதுக்கு என்ன கலர்?”

அவள் விரல் வைத்த இடம் ஆபிரிக்காவின் இடது தோள். மற்ற நாடுகளுக்கெல்லாம் தடித்த கோட்டில் எல்லை போட்டிருந்தார்கள். இதற்கு மட்டும் மேற்பக்கத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகள்.

“ரீச்சர் என்ன சொன்னவ?”

“அவ ஒண்டும் சொல்லேல்லை. புள்ளிக்கோடு எண்டால் கோடோ, கோடில்லையோ?”

உலகத்தின் பெரிய பெரிய மேசைகளில் பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தக் கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். நான் சாவகச்சேரிக்காரன். எல்லை என்று யாராவது வாயைத் திறந்தால் சும்மா இருக்கமாட்டேன். “அது பெரிய கதை பிள்ளை. மேற்குச் சகாரா எண்டு பேர். இரு, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சொல்லுறன்” என்றேன். தேத்தண்ணி வருவதற்குள் அவள் அதை மொரோக்கோவின் பச்சையாலேயே தீட்டி முடித்துவிட்டாள்.

“ஏன் பிள்ளை பச்சை?”

“பச்சைப் பென்சில்தான் கையில இருந்தது” என்றாள், பிரெஞ்சில். அலுப்பு வந்தால் அவள் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். என்னோடு கதைக்கும்போது பாதி நேரம் பிரெஞ்சுதான்.

ஒரு நாட்டைப் பிடிக்க இதைவிடச் சுருக்கமான காரணத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

அதே கிழமைதான் வானொலியில், சண்டை பிடித்த இரண்டு பகுதியும் அந்த மண்ணில் வாக்கெடுப்பு வைக்க ஓம்பட்டிருக்கினம் என்று சொன்னார்கள். சொல்ல வெளிக்கிட்ட கதை எனக்குத் தொண்டையில் நிற்கிறது. மகளுக்கு நேரமில்லை. மனைவி ஆறு தடவை கேட்டுவிட்டாள், ஏழாவது தடவைக்குக் கரண்டியைத் தூக்குவாள். ஆகவே ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். அங்கே அடிக்கடி ஊரடங்குச் சட்டம் என்று கேள்வி. வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் வாசிக்கலாம்.

2

நான் லா ஷோ-து-ஃபோனுக்கு வந்தது எண்பத்து நாலாம் ஆண்டு முடிவில். சுவிஸில் மலைக்கு மேலே கடிகாரம் செய்கிற ஊர். வைகாசியிலும் பனி கொட்டும். தெருக்கள் எல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக இருக்கும். ஒருவனும் மற்றவன் காணிக்குள் அரை அங்குலம்கூட வந்திருக்கமாட்டான். எனக்கு முதல் நாளே மனம் விட்டுப்போயிற்று. ஊரில் நான் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் பதினொரு வருடம் காணி உறுதி எழுதினவன். இந்த ஊரில் எனக்குப் பிழைப்பு இல்லை.

அகதிகளை ஒரு பழைய விடுதியில் வைத்திருந்தார்கள். அறைக்கு இரண்டு கட்டில். எங்கள் ஆட்கள் பதினைந்து பேர். ஏழு அறையில் பதினாலு பேர் சோடி சேர்ந்துவிட்டார்கள், மிஞ்சியவன் நான். காரணம் என் குறட்டை. கொழும்பு விமானத்திலேயே அது பேரெடுத்துவிட்டது.

அப்படித்தான் சாலெம் என் அறைக்கு வந்தான். அவன் மேற்குச் சகாராக்காரன். அந்த விடுதியில் அவனுக்குச் சோடி சேர ஊர்க்காரன் ஒருவனும் இல்லை. முதல் நாள் காலையில் பயந்து பயந்து கேட்டேன், “என்ர குறட்டை கரைச்சலோ?”

“ஒட்டகத்துக்குப் பக்கத்தில படுத்து வளந்தனான்” என்றான். “சத்தம் இல்லாட்டித்தான் முழிப்பு வரும்.”

ஒரு விஷயம் சொல்லவேண்டும். அவன் பேசியது பிரெஞ்சு என்று அவன் நினைத்துக்கொண்ட ஒன்று. எனக்கு விளங்கியது பிரெஞ்சு என்று நான் நினைத்துக்கொண்ட ஒன்று. அதை அப்படியே எழுதினால் நீங்கள் கடதாசியைக் கிழித்துப் போடுவீர்கள். எனவே இந்தக் கதையில் அவன் எங்களைப் போலத்தான் கதைப்பான். என்னை “அண்ணை” என்றுதான் கூப்பிடுவான். எல்லோரும் கூப்பிடுவதைப் பார்த்து அதுதான் என் பெயர் என்று எண்ணிவிட்டான். பார்வைக்கு என்னைவிட ஆறேழு வயது மூத்தவன். நான் திருத்தவில்லை. இந்த நாட்டில் யார் எனக்கு மரியாதை தருகிறார்கள்?

சாலெம் தேத்தண்ணி போட்டால் மூன்று தரம் போடுவான். விரல் அளவுக் கண்ணாடிக் கோப்பையில், ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றி நுரை வரவைத்து, ஒன்று குடித்தபின் இன்னொன்று, அதன்பின் மற்றொன்று. மூன்றையும் குடிக்காமல் எழும்பினால் அவனுக்கு அவமரியாதை. ஒரு தேத்தண்ணிக்கு ஒன்றரை மணித்தியாலம். எங்கள் ஆட்கள் ஒரு தரம் வந்தார்கள், அதோடு சரி. நான் தொடர்ந்து குடித்தேன். அகதிக்கு வேறு என்ன வேலை?

அந்த மூன்று கோப்பைகளுக்கு நடுவில்தான் அவனுக்கு வேண்டியது என்னவென்று தெரிந்துகொண்டேன். இரண்டே இரண்டு. ஒன்று, அவனை மொரோக்கோவுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது. மற்றது, அவனை மொரோக்கோக்காரன் என்று எழுதக்கூடாது. முதலாவது எனக்கு விளங்கியது. இரண்டாவதை ஒரு செல்லங் கொஞ்சல் என்று நினைத்தேன்.

3

அவன் நாட்டுச் சண்டையை எனக்கு விளங்கப்படுத்த அவன் இரண்டு கிழமை எடுத்தான். எனக்கு விளங்கியதும் ஐந்து நிமிடத்தில் தவராசாவுக்குச் சொன்னேன். தவராசா கொடிகாமத்தான், பக்கத்து அறை.

“இஞ்ச பார் தவம். ஒரு காணி. அதில ஸ்பெயின்காரன் கன காலமாய்க் குடியிருந்தவன். போகேக்க உரித்துக்காரனிட்டக் குடுக்காமல், வடக்குப் பக்கத்து அயலானுக்கும் தெற்குப் பக்கத்து அயலானுக்கும் பங்கு பிரிச்சு விட்டிட்டுப் போட்டான்.”

“வடக்கு ஆர்?”

“மொரோக்கோ. தெற்கு மொரிட்டானியா. தெற்கத்தையான் கொஞ்சக் காலம் சண்டை பிடிச்சுக் களைச்சு, எனக்கு வேண்டாம் எண்டு போட்டான். வடக்கத்தையான் அந்தப் பங்கையும் சேர்த்து வளைச்சிட்டான். உரித்துக்காரர் தங்களுக்கெண்டு ஒரு இயக்கம் கட்டி அடிபடுகினம். அவையின்ர பெண்டு பிள்ளையள் கிழக்கு அயலான்ர வளவுக்குள்ள, அல்ஜீரியாவில, கூடாரம் அடிச்சு இருக்குதுகள்.”

“எத்தினை இயக்கம்?”

“ஒண்டுதானாம்.”

தவராசா எங்கள் ஆட்களின் இயக்கங்களை விரல்விட்டு எண்ணி, கை போதாமல் விட்டான். “கெட்டிக்காரர்” என்றான் பிறகு.

“அதைவிடு. வடக்கத்தையான் மண்ணால வேலி போடுறான். உயரமாய் அணை கட்டி, ஆமியை ஏத்தி, கண்ணி வெடி தாட்டு. இந்த வருசம் இவ்வளவு தூரத்தில. அடுத்த வருசம் அதை இன்னும் முன்னால. அதுக்கடுத்த வருசம் இன்னும் முன்னால.”

“வேலி அரக்கிறான்!” என்று தவராசா கட்டிலில் இருந்து எழும்பிவிட்டான். “சரியாய் என்ர சித்தப்பன்ர வேலை!”

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாரிகாலத்தில் வேலி அடைக்கும்போது ஒரு கதியால் தடியை நாலு விரற்கடை தள்ளி நடுவது, அடுத்த முறை இன்னும் நாலு விரற்கடை. எங்கள் கந்தோர் வாசலில் வந்து நின்ற சனத்தில் பாதி இதற்காகத்தான் வந்தது. சாலெமின் நாட்டில் கதியாலுக்குப் பதில் மண்ணை ஏற்றியிருந்தார்கள், விரற்கடைக்குப் பதில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். நோக்கம் ஒன்றுதான். உலகத்தில் எனக்கு விளங்கிய ஒரேயொரு வெளிநாட்டுச் சண்டை இது. பதினொரு வருட அனுபவம் இதற்காகத்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சால் வந்த வினையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

4

அகதியாக வந்தவன் எல்லாம் தான் ஏன் ஓடிவந்தேன் என்று ஒரு கதை எழுதிக் கொடுக்கவேண்டும். எங்கள் ஆட்கள் அதைக் கேஸ் என்பார்கள். விடுதியில் கேஸ் எழுதுகிறவன் நான். நான் தமிழில் கேட்டு, இங்கிலீசில் எழுதி, எலீஸ் என்ற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அம்மாவிடம் கொடுப்பேன். அவ தேவாலயத்தால் உதவிக்கு வருகிறவ. அதைப் பிரெஞ்சில் தட்டச்சு செய்து தருவா. பதினாலு பேருக்கும் நான்தான் எழுதினேன். பதினாலு கேசிலும் ஒரு பின்வேலி இருந்தது. ஆமி முன்படலையால் வந்தது, நான் பின்வேலியால் பாய்ந்தேன். பொய் இல்லை. பதினாலு பேரும் பாய்ந்தவர்கள்தான். எங்கள் ஊரில் ஓடுகிறவன் வேறு எதைப் பாய்வான்?

சாலெம் என்னிடம் எழுதச் சொன்னபோது கேட்டேன், “சரி, சொல்லு.”

“ஆமி எங்கட கூடாரத்துக்கு வந்து என்னையும் தம்பியையும் பிடிச்சது. தம்பி திரும்பி வரேல்லை.”

நான் பேனாவோடு காத்திருந்தேன். “பிறகு?”

“அவ்வளவுதான்.”

“எப்பிடித் தப்பினாய்?”

“விட்டாங்கள். நடந்தன்.”

எங்கள் கந்தோரில் இவ்வளவு சின்னச் சங்கதிக்கு முத்திரை ஒட்டவே மாட்டார்கள். பிறந்த திகதி கேட்டேன். நல்ல மழை பெய்த வருசம் என்றான். முகவரி கேட்டேன். மழை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் என்றான். நான் ஆடிப்போனேன். திகதியும் இல்லை, எல்லையும் இல்லை. இந்த மனிதன் எதை வைத்து ஒரு நாட்டுக்கே உரித்துக் கோருகிறான்?

அவனுக்கு ஒரு நல்லது செய்யவேண்டும் என்று தீர்மானித்தேன். பிறந்த திகதிக்கு என் மனைவியின் பிறந்தநாளைப் போட்டேன். எனக்கு அது ஒவ்வொரு வருடமும் மறந்துபோகும், இனி ஞாபகம் இருக்கும் என்ற சுயநலம். முகவரிக்கு ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தேன். வடக்கெல்லை ஒழுங்கை, கிழக்கெல்லை மாமன் முறையானவரின் காணி, மேற்கெல்லை பள்ளிவாசல் வளவு. பங்குக் கிணறு ஒன்றும் விட்டேன். உறுதி எழுதின பழக்கதோசத்தில் வான்பயிர் செய்பயிர் என்றும் எழுதிப்போட்டுப் பிறகு வெட்டினேன். ஆமி முன்படலையால் வந்தது. சாலெம் பின்வேலியால் பாய்ந்தான்.

எலீஸ் அம்மா தட்டச்சை நிறுத்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. “சகாராவில் வேலியா?”

“மனிசர் இருக்கிற இடத்தில வேலி இருக்கும், மதாம்” என்றேன்.

அவவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. தட்டினா. சாலெமுக்கு அப்போது பிரெஞ்சு எழுத்து வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறேன் என்று அவன் கேட்கவுமில்லை. மூன்று கோப்பையும் குடித்தவன் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. கையெழுத்துப் போட்டான்.

5

விசாரணைக்குப் போன சாலெம் மத்தியானம் திரும்பி வந்து கட்டிலில் இருந்தான். தேத்தண்ணிக் கேத்திலைத் தொடவில்லை.

“அண்ணை, என்ர கடதாசியில நீ என்ன எழுதினாய்?”

அதிகாரி அவனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து வீட்டைக் கீறிக் காட்டச் சொன்னாராம். இவன் கூடாரத்தைக் கீறினான். வேலி எங்கே என்று கேட்டாராம். எந்த வேலி என்று இவன் கேட்டான். கிணறு? கிணறு இரண்டு நாள் பயணம் என்றான். பிறந்த திகதி? மழை என்றான். அதிகாரி கோப்புக்கட்டை மூடிவிட்டு, பதினைந்து நாள் தவணை தருகிறேன், ஒருவரைத் துணைக்குக் கூட்டிவரலாம், சரியான விளக்கம் இல்லாவிட்டால் கதை நம்பத்தக்கதல்ல என்று எழுதி உன்னை உன் நாட்டுக்கு அனுப்பவேண்டிவரும் என்றாராம்.

“எந்த நாட்டுக்கு எண்டு கேட்டனான்” என்றான் சாலெம். “மொரோக்கோ எண்டார்.”

நான் வாசித்துக் காட்டினேன். கல்வீடு, ஒழுங்கை, பங்குக் கிணறு, பின்வேலி. அவன் முழுவதையும் கேட்டான். கோபப்படுவான் என்று கதவுப் பக்கமாக நின்றுகொண்டேன்.

“நல்ல வீடு” என்றான். “என்ர தம்பி எங்க?”

தேடினேன். நாலாவது பக்கத்தில், கிணற்றுக்குக் கீழே, ஒரு வரியில் தம்பி இருந்தான்.

அன்றைக்கு எனக்கு என் மேலே வந்த வெட்கத்தை நகைச்சுவையாக எழுத இன்னும் பழகவில்லை. விட்டுவிடுகிறேன்.

6

நான் துணைக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் தவராசா பாத்திரம் கழுவின கையோடு வந்து நின்றான்.

“அண்ணை, உங்களுக்கு என்ன விசரோ? நான்தான் எழுதினனான் எண்டு போய்ச் சொன்னால், மற்றப் பதினாலும் ஆர் எழுதினது எண்டு கேப்பாங்கள். பதினாலிலும் வேலி. அவ்வளவும் கட்டுக்கதை எண்டு தூக்கிப் போடுவாங்கள்.”

“உங்கட வேலி உண்மைதானே தவம்.”

“உண்மை எண்டு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்கு என்னெண்டு தெரியும்? உங்கட சொந்தக் கேசும் அவன்ர மேசையிலதான் கிடக்கு. மனிசியும் பிள்ளையும் கொழும்பில லொட்ஜில இருக்கிறதை மறந்து போனீங்களோ?”

மறக்கவில்லை. அதுதான் கரைச்சல். தவராசா சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. இப்படியான நேரங்களில் ஒரு கதாநாயகன் என்ன செய்வான் என்று யோசித்தேன். நான் செய்தது, காய்ச்சல் வரட்டும் என்று மூன்று நாள் சால்வை இல்லாமல் பனிக்குள் திரிந்தேன். காய்ச்சல் வரவில்லை. சுவிஸ் குளிர்கூட எனக்கு ஒத்தாசை செய்யவில்லை. சாலெம் என்னை வா என்று ஒருநாளும் கேட்கவில்லை. மூன்று கோப்பை ஊற்றிக்கொண்டே இருந்தான். நாலாம் நாள் என்னால் மூன்றாவது கோப்பையை விழுங்க முடியவில்லை. “வாறன்” என்றேன்.

7

அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். பக்கத்தில் லெபனான்காரர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். சாலெமின் அரபும் அவருடைய அரபும் எங்கள் தமிழும் மலையாளமும் போல. நான் வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு போன பிரெஞ்சு வசனத்தை ஒப்புவித்தேன்.

“வேலி என்னுடையது. இந்த ஆளிடம் வேலி இல்லை.”

அதிகாரி அலுமாரியைத் திறந்து பதினாலு கோப்புகளை எடுத்து மேசையில் அடுக்கினார்.

“இவையும் உங்களுடையவையா?”

“ஓம். ஆனால் அதில வேலி அவையின்ர. நான் எழுத்து மட்டும்தான்.”

“பதினாலு பேரும் ஒரே மாதிரியான வேலியைத் தாண்டினார்களா?”

“ஐயா, எங்கட ஊரில கூரை இல்லாத வீடு இருக்கும். வேலி இல்லாத வீடு இராது.”

“எப்படிப்பட்ட வேலி?”

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக்கூடாது. என் பிரெஞ்சு அந்த இடத்தோடு முடிந்துபோயிற்று. நான் கைக்கு மாறினேன். அவருடைய பென்சில்களை எடுத்துக் கோப்புகளுக்கு நடுவில் வரிசையாகச் செருகினேன். இது கிளுவைக் கதியால், இது பூவரசு. மேசையில் கிடந்த வெறும் கோப்பு மட்டைகளை எடுத்துக் குறுக்கே சாத்தினேன். இது கிடுகு, பின்னின தென்னோலை, வருசத்துக்கொருக்கால் மாத்தவேணும். இரண்டு பென்சிலுக்கு நடுவில் இடம் விட்டு, அவருடைய விரலைப் பிடித்து அதற்குள்ளால் விட்டுக் காட்டினேன். “இது பொட்டு.”

“ஓட்டையா? எதற்கு?”

“நாய் போக, கறி குடுக்க, கதை கேக்க.”

“அப்படியென்றால் வேலி எதற்கு?”

“வழக்குப் போட.”

லெபனான்காரர் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு சுவிஸ் மூளை வேலை செய்வது தெரிந்தது. “ஓட்டை இருக்கும்போது ஏன் மேலால் பாயவேண்டும்? அதற்குள்ளாலேயே போகலாமே?”

“ஆமி வந்தால் நாய் முதல்ல ஓடி அதுக்குள்ள இறுகிப்போடும், ஐயா.”

அவர் அதை எழுதிக்கொண்டார். சத்தியமாக எழுதினார். பிறகு ஒவ்வொரு பென்சிலாகப் பிடுங்கி எடுத்து, கோப்புகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். “இப்படிப்பட்ட ஒன்றை ஒருவர் கற்பனையில் செய்யமுடியாது” என்றார். பதினாலு பேரும் தப்பினார்கள் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பதினைந்தாவது கேஸ்காரனான சாலெமைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை மூலைக் கதிரையில் இருத்திவிட்டு, இனி யாருக்கும் நான் எதையும் எழுதக்கூடாது என்றார். அன்றிலிருந்து இந்தக் குறிப்பைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை.

பிறகு சாலெமைப் பார்த்தார். “உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள்.”

சாலெம் சொன்னான். அதே இரண்டு வசனம்.

அதிகாரி காத்திருந்தார். நான் மூலையில் இருந்து, இன்னும் ஏதாவது சொல்லடா என்று மனதுக்குள் கத்தினேன். சாலெம் ஒரு தாள் கேட்டான். ஒரு பக்கத்தில் கூடாரம் கீறினான். வாசல் எந்தப் பக்கம், பெண்கள் எந்தப் பக்கம், அன்றைக்குத் தானும் தம்பியும் இருந்தது எந்தப் பக்கம். கூடாரத்துக்கு அப்பால் ஒரு கோடு இழுத்தான். தாள் முடிந்தது. இன்னொன்று கேட்டு, அதைப் பக்கத்தில் வைத்துக் கோட்டைத் தொடர்ந்தான். பிறகு இன்னொன்று. ஐந்தாவது தாள் மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது.

“இது என்ன?”

“மண் அணை. நாங்கள் ஓடினாப்பிறகு கட்டினது. அம்மா அந்தப் பக்கம்.” ஆறாவது தாளுக்குக் கை நீட்டினான். “இன்னும் முடியேல்லை.”

“போதும்” என்றார் அதிகாரி, மெதுவாக. ஐந்து தாள்களையும் தானே வரிசை குலையாமல் மடித்துக் கோப்பில் வைத்தார். நான் எழுதிய நாலு பக்கத்தையும் எடுத்து என் கையில் தந்தார்.

8

பதில் வர இரண்டு வருடம் சென்றது. எண்பத்தேழு வைகாசியில் எங்கள் இருவரையும் ஒரே நாளில் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். கௌண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு சாலெமின் பெர்மிட்டை நீட்டினாள். இருக்க விட்டாயிற்று, அனுப்பமாட்டார்கள். நான் அவன் முதுகில் அடித்தேன்.

அதற்குள் அவன் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்தான். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் போய், ஒரு வரியில் நின்றான். பெர்மிட்டைத் திருப்பிக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினான்.

“இது என்ர இல்லை.”

“படம் உங்களுடையதுதானே?” என்றாள் அந்தப் பெண்.

“படம் என்ர. மொரோக்கோ என்ர இல்லை.”

அந்தப் பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். பட்டியலில் இருக்கிற நாடுகளில் ஒன்றைத்தான் போடலாம். ஏற்காவிட்டால் கோப்பு தலைநகர் பெர்னுக்குத் திரும்பிப் போகும். எவ்வளவு காலம் என்று தெரியாது. அதுவரை வேலை செய்யமுடியாது.

நான் அவன் காலை மிதித்தேன். “போடடா கையெழுத்தை! அனுப்பமாட்டம் எண்டிட்டாங்கள். இது வெறும் கடதாசி.”

“அண்ணை” என்றான், “தம்பியைக் கொண்டு போனவையும் ஒரு கடதாசி கொண்டுவந்தவை. மொரோக்கோக்காரர் எண்டு கையெழுத்துப் போடுங்கோ, போய் நித்திரை கொள்ளுங்கோ எண்டவை. நான் போட்டன். விட்டாங்கள். தம்பி போடேல்லை.”

இரண்டரை வருடத் தேத்தண்ணியில் அவன் இதை எனக்குச் சொன்னதில்லை. அவன் போய்ச் சுவரோர வாங்கில் இருந்துகொண்டான்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். என் பெர்மிட். “நாட்டுரிமை ஸ்ரீலங்கா. சரிதானே?”

இந்தக் கேள்விக்கு நான் விடுதிச் சமையலறையில் எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன் என்று தவராசாவைக் கேளுங்கள். நாங்கள் ஸ்ரீலங்கர் இல்லை என்று கரண்டியால் மேசையில் அடித்து அடித்துப் பேசினவன். மனிசியும் பிள்ளையும் கொழும்பு லொட்ஜில் இந்தக் கடதாசிக்காகக் காத்திருந்தார்கள்.

“ஓம் மதாம், சரி மதாம்” என்றேன். அவள் பேனா தருவதற்கு முன்னமே என் பேனாவை எடுத்துவிட்டேன். பதினொரு வருடம் கையெழுத்துக்களோடு சீவித்தவன், அவ்வளவு வடிவான கையெழுத்தை வேறொரு நாளும் போட்டதில்லை.

9

மனைவியும் மகளும் ஆவணியில் வந்தார்கள். எனக்குக் கடிகாரக் கூடு மினுக்குகிற வேலை. சாலெம் ஒவ்வொரு மாதமும் முத்திரை குத்திய ஒரு துண்டோடு விடுதியிலேயே கிடந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். மகள் அவன் பிரெஞ்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு அதே சூட்டோடு என்னுடையதற்கும் சிரிப்பாள். மனைவி, “அந்த மனிசன் பிடிவாதக்காரன்” என்பாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்ப்பாள். ஏன் பார்க்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

இந்த வருடம் சித்திரையில் ஒரு நாள், பின்னேரம் வேலை முடிந்து வெளியே வந்தால், தொழிற்சாலை வாசலில் சாலெம் நிற்கிறான். கையில் புது பெர்மிட். பதினொரு மாதம் கழித்து வந்திருந்தது.

“வாசி” என்றான்.

நாட்டுரிமை என்ற இடத்தில் இரண்டு பிரெஞ்சுச் சொல். தமிழில் சொன்னால், நிச்சயிக்கப்படவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாத்தியோ, பதினொரு மாசம் வேலை வெட்டி இல்லாமல் இருந்து நீ பிடிச்ச நாடு இதுதான்!”

அவனும் சிரித்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதில பொய் இல்லை, அண்ணை” என்றான். பனி தூறத் தொடங்கியது. நனையாமல் அதைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினான். பிறகு ஞாபகம் வந்தவனாகக் கையை நீட்டினான்.

“உன்ரயை நான் இன்னும் பாக்கேல்லை. காட்டு.”

“வீட்டில கிடக்கு” என்றேன்.

என் சட்டைப் பொக்கெற்றுக்குள்தான் இருந்தது.